தொப்பி போடாத படம் ஒன்று

என் அப்பாவோடு நான் முப்பது வருடம் கோபமாக இருந்தேன். அப்படி ஒரு கோபம் நடந்துகொண்டிருக்கிறது என்பது அப்பாவுக்குத் தெரியாது. சண்டை என்றால் இரண்டு பக்கம் வேண்டும் என்பார்கள். நான் ஒற்றை ஆளாக நின்று, நானே அறிவித்து, நானே நடத்தி, நானே களைத்தும் போனேன். தொலைபேசியில் அவர் எதைக் கேட்டாலும் “ஓம்”, “இல்லை”, “சுகம்” என்ற மூன்று சொற்களுக்கு மேல் நான் செலவழித்ததில்லை. அதை ஒரு கடுந்தண்டனை என்று நம்பியிருந்தேன். அவரோ சுவிசில் தன் சிநேகிதர்களிடம், “என்ர பெடியன் கதை குறைஞ்சவன், அடக்கமான பிள்ளை” என்று பெருமை பேசிக்கொண்டிருந்திருக்கிறார். என்னோடு ஒரு தடவையாவது பஸ்ஸில் வவுனியா வரை போனவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்.

கோபத்துக்குக் காரணம் ஒரு வீடியோ கசெற். அதைச் சொல்வதற்கு முன் அந்தக் காலத்தைச் சொல்ல வேண்டும். என் வயதுக்காரர்களான உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. பக்கத்தில் இருந்து எட்டிப் பார்க்கும் உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பொருளாதாரத் தடை இருந்த காலம். வன்னிக்குள் மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. டோர்ச் பற்றரி ஒன்றை வைத்திருப்பவர் ஊரில் ஒரு பெரிய மனிதர். முரசுமோட்டையில் இருந்து இடம்பெயர்ந்து, தண்ணீரூற்றில் மாமாவின் வளவுக்குள் ஒரு கொட்டில் போட்டு நாங்கள் இருந்தோம். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. அப்பா சுவிசுக்குப் போய் ஐந்து வருடமாகியிருந்தது.

இடம்பெயர்ந்த அன்று மழை. உழவு மெஷின் பெட்டியில் ஏற்றிய சாமான்களுக்குள் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் உடுப்புகளுக்கு நடுவே எங்கள் வீட்டின் ஒரே அல்பம். தண்ணீரூற்றில் பெட்டியைத் திறந்தபோது ஊறிய பாண் துண்டைப்போல அது உப்பியிருந்தது. புளித்த கஞ்சி மணம் அடித்தது. அம்மா படங்களை ஒவ்வொன்றாக உரித்தார். கல்யாணப் படம் வந்தது. அதில் அம்மா இருந்தார். மாலை இருந்தது. அப்பாவின் கோட், கைக்கடிகாரம், கடிகாரம் தெரியவேண்டும் என்பதற்காகவே மடித்து வைத்த கை, எல்லாம் இருந்தன. கழுத்துக்கு மேலே வெள்ளை. முகம் உரிந்து, மேலே ஒட்டியிருந்த மெல்லிய தாளோடு போய்விட்டது. அந்தத் தாளைப் பார்த்தால் மண்ணிறத்தில் ஒரு கறை.

அம்மா அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சேலைகளுக்கு அடியில் வைத்தார். “ஆருக்கும் சொல்லக்கூடாது” என்றார்.

நான் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விடயம் விளங்கியது: அப்பாவின் முகம் எனக்கும் ஞாபகமில்லை. குரல் ஞாபகம் இருந்தது. கை ஞாபகம் இருந்தது. தாடை என் உச்சந்தலையில் உரசியது ஞாபகம் இருந்தது. சைக்கிள் பாரில் குந்திப் போய் வளர்ந்த பிள்ளைக்கு அப்பாவின் முகம் தெரிய நியாயமில்லை. அது எப்போதும் தலைக்கு மேலே இருந்தது. கண்ணை மூடி யோசித்தால் கோட்டும் கடிகாரமும் வரும், மேலே வெள்ளை வரும். பள்ளிக்கூடத்தில் ஒருத்தன், “உன்ர அப்பா ஆரைப்போல?” என்று கேட்டதற்கு, “என்னைப்போல” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து வாளித் தண்ணீரில் என் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு குடும்பத் தலைவருக்கான அறிகுறி எதுவும் இல்லை.

இந்த நிலையில் அக்கா பெரியபிள்ளையானாள். அப்பா கடிதம் எழுதினார். படம் வேண்டாம், வீடியோ எடுத்து அனுப்புங்கள், என் பிள்ளை அசைவதைப் பார்க்கவேண்டும் என்று.

முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒருவரிடம் வீடியோக் கமெரா இருந்தது. பெரியபிள்ளையானதற்குச் சடங்கு செய்யும் சாமத்திய வீட்டுக்கு முதல் நாள் அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். பின் கரியரில் ஒரு கூடை, கூடைக்குள் தலையணை, தலையணைக்குள் கமெரா. பிறந்து மூன்று நாளான பிள்ளையைத் தூக்குவதுபோல் அதைத் தூக்கினார். தோளில் வைத்துப் பிடிக்கும் பெரிய கமெரா. அதை வைத்ததும் மனிதர் ஒரு பக்கமாகச் சாய்வார். பல வருடம் அப்படியே சாய்ந்து, கமெரா இல்லாமல் நடக்கும்போதும் சாய்ந்தே நடந்தார். மாமாவின் லான்ட்மாஸ்ரர் உழவு மெஷினின் பற்றரியில் கம்பி கொடுத்து, கமெராவின் இரண்டு பற்றரிகளுக்கும் விடியவிடிய உயிர் ஏற்றினார்கள்.

நான் கமெராவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கண்ணாடிக்குப் பக்கத்தில், முன்பக்கமாக, ஒரு சின்னத் துண்டு பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. காயத்துக்கு ஒட்டுகிற அதே பிளாஸ்ரர்.

“இதென்ன?” என்றேன்.

“கமெராவுக்குக் காயம்” என்றார் கமெராக்காரர்.

“எப்படிப் பட்டது?”

“கனக்கக் கேள்வி கேட்ட ஒரு பெடியனாலை.”

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. அப்போதெல்லாம் வெளிநாட்டுக்குப் போகும் வீடியோவின் கடைசியில் வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் கமெராவைப் பார்த்துக் கதைப்பது வழக்கம். அம்மா கதைப்பார், மாமா கதைப்பார், பிறகு நான். என்ன சொல்வது என்று பத்து நாட்களாகக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி, வெட்டி, திருப்பி எழுதி வைத்திருந்தேன். என் எழுத்து வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் பிறகு எதையும் திருத்தியதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

மறுநாள் காலை பந்தலுக்குள் ஊர் நிரம்பியது. தறப்பாளுக்கு உட்பக்கம் சேலை கட்டிய பந்தல். வெயில் அந்தச் சேலைகளுக்குள்ளால் வடிந்து எல்லாருடைய முகத்தையும் ஊதாவும் மஞ்சளுமாக ஆக்கியது. எங்கள் சனத்துக்கு அதுவரை தெரிந்தது படம் எடுக்கும் கமெராதான். அதற்கு முன்னால் மூச்சை அடக்கி, கையை உடம்போடு ஒட்டி, கண் வெட்டாமல் நிற்கவேண்டும். அசைந்தால் படம் பழுது. ஆகவே வீடியோக் கமெரா எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் முழுவதும் கல்லானது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் பிடித்த வடையை வாய்க்கு முன்னால் அப்படியே நிறுத்தினார்.

“அசையுங்கோ! ஐயோ, அசையுங்கோ! இது வீடியோ!” என்று கமெராக்காரர் கத்தினார்.

“எப்பிடி அசையிறது?” என்றார் வடைக்காரர், உதடு அசையாமல்.

“வீட்டிலை எப்பிடி அசையிறனீங்களோ அப்பிடி.”

“வீட்டிலை என்னை ஆரும் பார்க்கிறேல்லையே.”

கடைசியில் மாமா தலையிட்டு, எல்லோரும் வலது கையைத் தூக்கி ஆட்டவேண்டும் என்று உத்தரவு போட்டார். இன்றைக்கு அந்த வீடியோவைப் பார்த்தால், ஒரு ஊரே புகைவண்டி ஒன்றை வழியனுப்புவதுபோல் இருக்கிறது. வன்னிக்கு அப்போது புகைவண்டியும் இல்லை.

ஊதாச் சேலையில் இருந்த அக்காவுக்குத் தண்ணீர் வார்த்தார்கள். சரியாக அந்த நேரம் எங்கள் நாய் உள்ளே வந்து, அக்காவின் காலடியில் வழிந்த தண்ணீரை நக்கியது. மாமா தேங்காய் உடைத்தார். உடுப்பு மாற்றி, நகை பூட்டி, மணவறைக் கதிரையில் இருத்தி, ஆலாத்தி எடுத்தார்கள். பிறகு பேச்சு.

பேச்சுக்கு முன் ஒரு சிறு காட்சி. குசினிக்குப் பின்னால் அம்மா ஒரு தட்டில் பலகாரம் வைத்துக் கமெராக்காரருக்குக் கொடுத்து, மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கமெராக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். தலையை ஆட்டினார். ‘என்ர பிள்ளையை வடிவா எடுங்கோ’ என்று அம்மா கேட்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அம்மாமேல் பாசம் பொங்கியது.

அம்மா கதைத்தார். ஒரு நிமிடம் இருக்காது. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, கமெராவைப் பார்க்காமல், பக்கத்து வாழைமரத்தைப் பார்த்துச் சொன்னார். நான் தூர நின்றதால் அவர் வாய் அசைந்தது மட்டுமே எனக்குத் தெரிந்தது. மாமா கதைத்தார். நாட்டு நிலைமை, மழை, நெல்விலை, தன் வயிற்றுவலி என்று போய், திரும்பி வரும் வழி தெரியாமல் நின்றார்.

பிறகு என்னைக் கதிரையில் இருத்தினார்கள். அம்மா குசினிக்குள் போய்விட்டார். கமெராக்காரர் கண்ணை வைத்தார். கண்ணாடியும் பிளாஸ்ரரும் என்னைப் பார்த்தன.

“அன்புள்ள அப்பா அறிவது” என்று தொடங்கினேன். எனக்குத் தெரிந்த ஒரே தொடக்கம் அதுதான். “நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் நலத்துக்கு இறைவனை வேண்டுகிறோம்.” அதுவரை கொப்பியில் இருந்தபடி போனது. பிறகு கொப்பி மறந்துவிட்டது.

“அப்பா, எனக்கு உங்கட முகம் மறந்து போச்சு. அல்பம் நனைஞ்சு போச்சு. குரல் ஞாபகம் இருக்கு. கோவிக்காதையுங்கோ. நான் வேணுமெண்டு மறக்கேல்லை. ஒரு படம் அனுப்புங்கோ. தொப்பி போடாத படம். கறுப்புக் கண்ணாடியும் வேண்டாம். பக்கத்திலை ஆரும் நிக்கவும் வேண்டாம், ஆர் நீங்கள் எண்டு எனக்குத் தெரியாமப் போயிடும்.”

அழக்கூடாது என்று கொப்பியில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். அதையும் மறந்துவிட்டேன். கமெராக்காரர் கமெராவை இறக்கவில்லை. நான் கதிரையை விட்டு எழும்பும்வரை பிடித்தபடியே நின்றார்.

எடுத்ததைப் பார்ப்பதற்கு எங்களிடம் ரீவி இல்லை, வீடியோ ஓடும் டெக் இல்லை, இருந்தாலும் மின்சாரம் இல்லை. இருந்தது கமெராவின் பின்பக்கத்துக் குழாய் ஒன்று. அதற்குள் தீப்பெட்டி அளவில் கறுப்பு வெள்ளைப் படம் தெரியும். ஊர் வரிசையில் நின்றது. ஆளுக்கு ஒரு கண், பத்துச் செக்கன். ஒருவர் பார்த்ததை அடுத்தவர் பார்க்க முடியாது; ஏனென்றால் நாடா ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே ஒருவர் தண்ணீர் வார்த்ததைப் பார்த்தார், அடுத்தவர் தேங்காயைப் பார்த்தார், மூன்றாமவர் தன் சொந்த முழங்கையைப் பார்த்து, “நான் நிக்கிறன், நான் நிக்கிறன்” என்று கத்தினார். எல்லோருமாகக் கூடிக் கதைத்துத்தான் முழுச் சாமத்திய வீட்டையும் பொருத்தினார்கள். என் முறை வந்தபோது தெரிந்தது, ஆலாத்திக்குள்ளும் வந்து நின்ற நாயின் வால். “பற்றரி முடிஞ்சுது” என்று கமெராக்காரர் குழாயைப் பொத்திவிட்டார். பேச்சுப் பகுதி வரை யாருமே போகவில்லை.

ஓய்வூதியம் எடுக்க வவுனியாவுக்குப் போன ஒரு தலைமை வாத்தியாரின் பையில் கசெற் புறப்பட்டது. நான் காத்திருக்கத் தொடங்கினேன். என் கணக்குப்படி, படம் மூன்று கிழமையில் வரவேண்டும்.

ஐந்து மாதம் கழித்து வந்தது படமல்ல. பாட்டுக் கேட்கும் கசெற் ஒன்றில் அப்பாவின் குரல். மாமாவின் ரேடியோவில் அதைப் போட, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் கம்பி கொடுத்து, மிதியைக் கையால் சுற்றவேண்டும். சுற்றுவது நான். வேகமாகச் சுற்றினால் அப்பா வேகமாகக் கதைப்பார். கை தளர்ந்தால் கிணற்றுக்குள் இறங்குவார். அப்பாவை அவ்வளவு தூரம் என் கைக்குள் வைத்திருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

அப்பா எல்லாவற்றையும் சொன்னார். அக்கா வளர்ந்துவிட்டாள், ஊதாச் சேலை நல்ல பொருத்தம் என்றார். மாமாவுக்கு வயிறு முன்னால் வந்து வண்டி வைத்துவிட்டது என்றார். பந்தல் வாசலில் கட்டிய வாழைக்குலை கதலியா, மொந்தனா என்று கேட்டார். சனம் ஏன் கையை ஆட்டுகிறது என்று கேட்டார். நாயைக் கேட்டார். “அந்த நாய் எங்கட பழைய நாயின்ர குட்டியோ? நல்ல அமைவா நிண்டு தண்ணி குடிக்குது” என்றார். நாய்க்கு அரை நிமிடம் கொடுத்தார். கடைசியில், “தம்பி நல்லாப் படிக்கவேணும், அம்மா சொல்லுக் கேட்டு நடக்கவேணும்” என்றார். அதோடு முடிந்தது.

முகத்தைப் பற்றி ஒன்றுமில்லை. படத்தைப் பற்றி ஒன்றுமில்லை. என் கை நின்றுவிட்டது. அப்பாவின் குரல் இழுபட்டுத் தடித்து, ஒரு பூதத்தின் குரலாகி அடங்கியது.

“டேய், வடிவாச் சுத்தடா! மறுபக்கமும் இருக்கு!” என்று மாமா கத்தினார்.

“கை நோகுது” என்றேன்.

கசெற் வந்த உறைக்குள் படம் இருக்கிறதா என்று பிறகு தனியாக இருந்து பார்த்தேன். கையைவிட்டுத் தடவியும் பார்த்தேன். அன்றைக்குக் கோபம் தொடங்கியது. நாயைப் பார்த்த மனிதர் என்னைப் பார்க்கவில்லை. அழுததைப் பார்த்தும் பேசாமல் விட்டுவிட்டார். முகத்தை மறந்த பிள்ளைக்கு முகம் எதற்கு என்று நினைத்துவிட்டார். பதினொரு வயதில் இப்படியெல்லாம் யோசிக்க முடியும், நம்புங்கள். இப்போது இருப்பதைவிட அப்போது எனக்கு மூளை கூர்மை.

அதன்பின் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். இந்தச் சின்னக் கதைக்குள் அவற்றை வைக்க இடம் போதாது. சமாதானம் என்று சொல்லப்பட்ட காலத்தில் அப்பாவின் படங்கள் வந்தன. அப்போது எனக்கு மீசை வந்திருந்தது. படத்தில் நின்றவர் பனிக்கு நடுவே யாரோ ஒரு வழுக்கைக்காரர். தொப்பி போடவில்லை என்பதைக் கவனித்தேன். யுத்தம் முடிந்தபின் ஒருமுறை மூன்று கிழமைக்கு வந்தார். விமான நிலையத்தில் நான் அவருக்குக் கைகொடுத்தேன். அக்கா கல்யாணம் முடித்து சுவிசுக்கே போனாள். அம்மாவுக்கு விசா மூன்று முறை மறுக்கப்பட்டது. நாலாம் முறை அம்மா மறுத்தார். இப்போது முரசுமோட்டையில் என்னோடு இருக்கிறார். நான் “ஓம், இல்லை, சுகம்” என்று அப்பாவைத் தண்டித்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அப்பாவின் அலுமாரியைத் துப்புரவாக்கிய அக்கா அந்தக் கசெற்றைக் கண்டெடுத்து, கடை ஒன்றில் கொடுத்துக் கைபேசியில் பார்க்கக்கூடியதாக மாற்றி, குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். ஒரு ஊரே வரிசையில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்ததை நான் படுத்துக்கிடந்து பார்த்தேன். நிறுத்தினேன், பெருப்பித்தேன், திருப்பினேன். வடைக்காரர் கையை ஆட்டினார். நாய் தண்ணீர் குடித்தது. ஆலாத்தி. அம்மா வாழைமரத்துக்குச் சொன்னார். மாமா வழி தவறினார். மாமாவுக்குப் பிறகு ஒரு வெட்டு. மணவறையில் வெறும் கதிரை. பிறகு புள்ளிப் புள்ளியாக ஒன்றுமில்லை.

நான் இல்லை. திருப்பிப் போட்டேன். மாமா, வெட்டு, கதிரை. ஆறு தடவை பார்த்தேன். நான் அழுத இடத்தில் நாடா துள்ளியதுகூட இல்லை.

இரண்டு கிழமை கழித்துக் கிளிநொச்சி மண்டபம் ஒன்றில் உறவுக்காரப் பிள்ளையின் சாமத்திய வீடு. பிள்ளை மண்டபத்துக்குள் மூன்று தடவை வந்தாள். முதல் தடவை உண்மையாக. இரண்டாம் தடவை தலைக்கு மேலே பறந்த ட்ரோனுக்காக. மூன்றாம் தடவை புகை சரியாக வரவில்லை என்பதற்காக. மேடையில் அவளை மூன்று கமெராக்காரரின் முதுகு மறைத்தது. ஆகவே பக்கத்தில் தொங்கிய பெரிய திரையில் எல்லோரும் அவளைப் பார்த்தோம். பார்த்தவர்களில் பாதிப்பேர் அந்தத் திரையைத் தங்கள் கைபேசியில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கல்லாகவில்லை. கமெரா என்று ஒன்று இருப்பதையே யாரும் பொருட்படுத்தவில்லை.

மூலையில் ஒரு கதிரையில், ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி, ஒரு கிழவர் இருந்தார். சாய்வைக் கண்டதும் ஆளைத் தெரிந்துவிட்டது. ட்ரோன் விட்டவர் அவருடைய மகன்.

“ஐயா, தண்ணீரூற்றுச் சாமத்திய வீடு ஞாபகம் இருக்கோ? லான்ட்மாஸ்ரர் பற்றரியிலை சார்ச் பண்ணினது.”

“இல்லாமல் என்ன. உங்கட மாமா எனக்கு ஒரு முழுப் பற்றரியைக் குடிச்ச ஆள். நெல்விலையும் வயித்துவலியும்.”

“கடைசியா நானும் கதைச்சனான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஓம். கதைச்சனீர்.”

“கசெற்றிலை இல்லை.”

“இருக்காது தம்பி.” கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். “அந்தக் காலத்திலை வந்த சனம் முழுக்க எடுக்கக் கசெற்றுக்கு எங்க போறது? எடுக்காட்டி, நாங்கள் என்ன சனமில்லையோ எண்டு மனவருத்தம். அதாலை எல்லாருக்கும் கமெராவைப் பிடிக்கிறது, சிலபேருக்குத்தான் பட்டனை அழுத்துறது. பதிஞ்சா முன்னுக்குச் சிவப்பு லைற் எரியும். அதுதான் பிளாஸ்ரர்.”

“அப்ப நான் அந்தச் சனத்திலை ஒருத்தனோ?”

“இல்லை இல்லை. உமக்கு நான் மூண்டு நிமிசம் ஒதுக்கி வைச்சனான். அம்மாதான் குசினிக்குப் பின்னாலை வந்து, ‘அவன் கதைக்கேக்கை பிடிச்சபடி நில்லுங்கோ, அழுத்தாதையுங்கோ’ எண்டு சொன்னவா. தாய் சொன்னா நான் என்ன செய்யிறது?” பிறகு மெதுவாக, “தொப்பி போடாத படம் எண்டு கேட்டனீர். நான் கண்ணை வைச்சபடி நிண்டது பிடிக்கிறதுக்கில்லை. என்ர கண்ணை நீர் காணக்கூடாது எண்டு” என்றார்.

என் வாழ்க்கையின் மிக நேர்மையான மூன்று நிமிடங்களுக்கு ஒரே ஒரு பார்வையாளர் இருந்திருக்கிறார். அவருக்கும் அதற்காகப் பலகாரம் கொடுக்கப்பட்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ரீவிக்கு முன்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டேன். ரீவியின் சத்தத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை.

“கொப்பியை நான் பார்த்தனான்” என்றார்.

“பார்த்திட்டு ஏன் என்னைக் கதைக்க விட்டனீங்கள்?”

“நீ கதைக்கவேணும் எண்டு நிண்டாய். கதைச்சாய். மனசு ஆறியிருக்கும்தானே.”

“அம்மா, அதை அவருக்குச் சொல்லத்தான் நான் கதைச்சனான்.”

“பெத்த பிள்ளை முகத்தை மறந்திட்டான் எண்டு கேட்டா அந்த மனிசன் அங்க உயிரோட இருக்குமே? பனிக்குள்ளை தனிய.”

“அப்ப நீங்களாவது ஒரு படம் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கலாம்.”

“ஏன் எண்டு கேட்டா என்ன எழுதுறது? உங்கட மூஞ்சி உரிஞ்சு போச்சு எண்டோ? வெளியிலை இருக்கிற மனிசனுக்கு எழுதிற கதையே அது? எவ்வளவு பெரிய அபசகுனம்.” கீரைத் தண்டொன்றை ஒடித்தார். “நான் அதிலை அவருக்கு எல்லாம் வடிவாச் சொல்லியிருக்கிறன். பத்து நாள் யோசிச்சுச் சொன்னது. அதைக் கெடுக்கக்கூடாது எண்டுதான்.”

“நான் முப்பது வருசமா அவரோட கதைக்கிறேல்லை. அது உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியும். ஆம்பிளைப் பிள்ளையள் அப்பிடித்தான் எண்டு விட்டிட்டன்.”

அபசகுனம் என்று ஒரு சொல். ஒரு தட்டுப் பலகாரம். ஒரு துண்டு பிளாஸ்ரர். என் அப்பாவை என்னிடமிருந்து எடுக்க இவ்வளவும் போதுமாக இருந்திருக்கிறது. எடுத்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அதுதான் கையைக் கட்டிப்போடுகிறது. ஒரு கெட்டவர் கிடைத்திருந்தால் மிச்சக் கோபத்தை அங்கே கொண்டுபோய் இறக்கியிருப்பேன்.

அப்போதே அப்பாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். அம்மா கீரைச் சுளகோடு வந்து பக்கத்தில் இருந்தார். திரையில் ஒரு நெற்றியும் அறை முகட்டு விளக்கும் தெரிந்தன.

“அப்பா, போனைக் கொஞ்சம் கீழ இறக்குங்கோ.”

இறக்கினார். தாடை வந்தது. நெற்றி போய்விட்டது. இன்னும் கொஞ்சம் என்றேன்; பெனியன் வந்தது. அப்படியே விட்டுவிட்டு, அந்தப் பெனியனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மரப்பெட்டி, கோட்டும் கடிகாரமும், கொப்பி, பிளாஸ்ரர், படம் வராத உறை, முப்பது வருடம். அவ்வளவு நீளமாக நான் அவரோடு கதைத்தது வாழ்க்கையில் முதல் தடவை. பெனியன் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும்; சுளகை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி,” என்றார் அப்பா, “அந்தக் கசெற்றோ? அது அக்காவுக்குத் தண்ணி வார்த்து, அந்த நாயும் வந்து நிண்டதோட டெக் நாடாவைத் திண்டிட்டுது. அறையிலை இருந்த ஒரு பெடியன்ர டெக், பழசு. அதுக்குப் பிறகு ஒண்டும் நான் பார்க்கேல்லை. போன மாசம்தான் உன்ர அக்கா கடையிலை குடுத்து ஒட்டுவிச்சவள். போனிலை போட்டுத் தந்தவள்தான், எனக்கு உந்தச் சின்னனிலை கண் தெரியாது. அது சரி, உன்ர அம்மாவும் அதிலை கதைச்சவாவோ? என்ன சொன்னவா?”